முதல் வாரப் போட்டிக்கே போங்கள்

வாசகர் கேள்வி – பதில்
பதில் தருபவர்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், பள்ளி பேண்டு பயிற்சியாளர், கிருஷ்ணகிரி

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஒஹாயோவில் மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் ஒரு டிரம் கோர் போட்டியைப் பார்த்தேன் என்று இரண்டு வரி சேர்த்திருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கே: மகனும் மருமகளும் இண்டியானாவில் இருக்கிறார்கள். ஜூன் மாதம் போகிறோம். பேரன் அங்கே பள்ளியில் டிரம் வாசிக்கிறான். ஜூன் கடைசியில் ஒரு டிரம் கோர் போட்டி இருக்கிறது, தாத்தா பாட்டியும் வர வேண்டும் என்கிறான். மகனோ, "இது சீசன் ஆரம்பம். ஒன்றும் தயாராகி இருக்காது. ஆகஸ்டில் நடக்கும் இறுதிப் போட்டியைப் பார்ப்பதுதான் சரி" என்கிறான். நாங்கள் ஜூலையிலேயே ஊர் திரும்பிவிடுவோம். போகலாமா, வேண்டாமா?
– வாசகி, காவேரிப்பட்டினம்

ப: போங்கள் அம்மா. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு கட்டாயம் போங்கள்.

உங்கள் மகன் சொல்வது உண்மை. ஜூன் கடைசியில் எந்தக் குழுவும் முழுதாகத் தயாராகி இருக்காது. அதற்காகவே போகச் சொல்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டிரம் கோர் என்பது பித்தளை ஊதுகருவிகள், முரசுகள், கொடி வீசுகிறவர்கள் மூன்றும் சேர்ந்த அணிவகுப்பு பேண்டு. கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸபோன் எதுவும் கிடையாது. ஒரு குழுவில் 165 பேர் வரை இருக்கலாம். எல்லாரும் 22 வயதைத் தாண்டாத பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றைக் கோடை முழுவதும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டியிடுகிறார்கள். 'டிரம் கோர் இண்டர்நேஷனல்' என்ற அமைப்பு 1971-ல் தொடங்கி, 1972-ல் விஸ்கான்சின் மாநிலம் வைட்வாட்டரில் முதல் சாம்பியன் போட்டியை நடத்தியது. இப்போது இறுதிப் போட்டி ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் நகரத்து லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்தில். நம் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சிக்குப் பந்தல் போடும் நாட்களில் அங்கே சீசன் ஆரம்பிக்கிறது.

மே மாதமே பிள்ளைகள் ஏதாவது ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ கூடிவிடுவார்கள். உடற்பயிற்சிக் கூடத் தரையில் படுக்கை. காலையிலிருந்து இரவு வரை வெயிலில் பயிற்சி. பிறகு பஸ் ஏறினால் ஆகஸ்ட் வரை பாதி இரவுகள் பஸ்ஸில்தான் தூக்கம். சமையலறையே ஒரு பெரிய லாரியில் கூட வரும். அதில் சமைத்துப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் பெற்றோரும் முன்னாள் உறுப்பினர்களும்.

மருமகன் என்னை அழைத்துப் போனது ஒரு மேல்நிலைப் பள்ளியின் மைதானம். அடுக்கடுக்காக அலுமினிய பெஞ்சுகள். அன்று வந்த குழுக்களில் ஒன்றுக்கு நிகழ்ச்சியின் முடிவுப் பகுதியே இல்லை. ட்ரம்பெட்டுகள் ஏறிக்கொண்டே போகின்றன, பின்னால் கொடிகள் விரிகின்றன, நான் பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டேன். சட்டென்று எல்லாம் நின்றது. கையசைத்துத் தாளம் காட்டிக் குழுவை நடத்தும் டிரம் மேஜர் மேடையில் திரும்பி நின்று சல்யூட் வைத்தார். மீதியை அவர்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, "அடுத்த வாரம் இன்னும் ஒரு நிமிடம் சேர்த்துவிடுவார்கள்" என்று மருமகனிடம் சொன்னார். அவர் வருஷா வருஷம் முதல் வாரப் போட்டிக்கு வருகிறவராம். ஜூனில் பார்த்ததையும் ஜூலையில் பார்த்ததையும் ஒப்பிட்டுப் பேசுவதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு குழு சீருடை வந்து சேராமல் கறுப்புப் பயிற்சி உடையில் வந்தது. கொடிப் பிரிவில், மரத்தில் செய்து வெள்ளை டேப் சுற்றிய துப்பாக்கி ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு பெண் அதை உயரே சுழற்றி எறிந்தாள். கையில் வந்து விழவில்லை, புல்லில் விழுந்தது. அவள் முகம் மாறவில்லை. குனிந்து எடுத்தாள், அடுத்த எறிதலில் மற்றவர்களோடு சரியான எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டாள். உங்கள் பேரன் அதைப் பார்க்க வேண்டும் அம்மா. ஆகஸ்டில் அதே பெண் அதே துப்பாக்கியை இருட்டிலும் பிடித்துவிடுவாள். அப்போது பார்க்கிற சிறுவன், "இவர்கள் பிறவியிலேயே இப்படி, நமக்கு வராது" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். ஜூனில் பார்க்கிறவனுக்கு இது எப்படி உண்டாகிறது என்பது கண்ணெதிரே தெரியும். டிரம் கற்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடத்தை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில்லை.

போட்டி ஏழு, ஏழரைக்கு என்றால் நீங்கள் ஐந்து மணிக்கே போய்விடுங்கள். கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் முரசுப் பிரிவுகள் அரைவட்டமாக நின்று கையைச் சூடேற்றிக்கொண்டிருப்பார்கள். நம் ஊர் திருவிழாவில் சாமி புறப்படும் முன்னால் தெருமுனையில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்களே, சிறுவர்களெல்லாம் அங்கேதானே நிற்பார்கள், அப்படி ஒரு கூட்டம் அங்கேயும் நிற்கும். இரண்டடி தூரத்தில் நின்று கேட்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். ஒன்பது பையன்களும் பெண்களும் சைடு டிரம்மில் அடிக்கிற அடி ஒரே ஆள் அடிப்பதுபோலக் கேட்கும். கேட்காத இடத்தில் பயிற்சியாளர் நிறுத்திவிட்டு மறுபடி அதே நான்கு எண்ணிக்கையை அடிக்கச் சொல்வார். மறுபடி. மறுபடி. பேரனை அங்கே முன்வரிசையில் விடுங்கள். மைதானத்துக்குள் கிடைக்காத பாடம் அது.

டிக்கெட் எடுக்கும்போது முன்வரிசை கேட்காதீர்கள். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்த அளவு உயரத்தில் உட்காருங்கள். வட்டம் சதுரமாவதும், இரண்டு கோடுகள் ஒன்றை ஒன்று ஊடுருவிப் போவதும் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். பெஞ்சு உங்கள் முட்டிக்கும் இடுப்புக்கும் ஒத்துவராது, ஒரு சின்ன மெத்தை எடுத்துப்போங்கள். அங்கே ஜூனில் சூரியன் மறைய ஒன்பது மணியாகும், அதுவரை வெயில். மறைந்தபின் குளிரும், ஒரு சால்வை இருக்கட்டும். மின்னல் தெரிந்தால் எல்லாரையும் எழுப்பி உள்ளே அனுப்பிவிடுவார்கள். கோபப்படாமல் காத்திருங்கள், மழை விட்டால் பெரும்பாலும் தொடர்வார்கள். சத்தம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் காதுக்குக் கொஞ்சம் பஞ்சு. ஆனால் முதல் குழு முழுவதையும் பஞ்சு இல்லாமல் கேட்டுப் பாருங்கள். எழுபது, எண்பது பித்தளைக் கருவிகள் ஒன்றாக உங்களை நோக்கித் திரும்பும்போது அந்த ஓசை நெஞ்செலும்பில் வந்து மோதும். எந்த டிவியிலும் அது வராது.

கே: எங்கள் பள்ளியில் காலைக் கொடியேற்றத்துக்கு நான் பியூகிள் ஊதியிருக்கிறேன். அதில் ஐந்தாறு ஸ்வரத்துக்கு மேல் வராது. அதை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படி இவ்வளவு பெரிய இசையை வாசிக்கிறார்கள்?
– வாசகர், ஊத்தங்கரை

ப: நீங்கள் ஊதியதில்தான் அவர்களும் தொடங்கினார்கள். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் தங்கள் சங்கங்களில், ராணுவத்தில் மிஞ்சிய பியூகிள்களையும் முரசுகளையும் வைத்துக் குழுக்கள் அமைத்தார்கள். விரலால் அழுத்தி ஸ்வரம் மாற்றும் வால்வு இல்லாத குழாய், உதட்டு இறுக்கத்தால் மட்டுமே ஸ்வரம் மாறும். பிறகு ஒரு வால்வு, அப்புறம் இரண்டு, 1990-ல் மூன்று வால்வுக்கு அனுமதி. 2000 வரை எல்லாக் கருவிகளும் ஜி சுருதியில்தான் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதை எடுத்துவிட்டபின் இன்று ட்ரம்பெட், மெல்லோஃபோன், பாரிடோன், யூஃபோனியம், தோளில் தாங்கும் டியூபா என்று முழுப் பித்தளைக் குடும்பமும் வந்துவிட்டது. 2014 முதல் டிராம்போனுக்கும் இடம் உண்டு. பழைய ஆட்களில் சிலருக்கு இந்த மாற்றத்தில் இன்றும் வருத்தம். எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஐந்து ஸ்வரத்தைச் சுத்தமாக ஊதிப் பழகிய உதடு எந்த வால்வுக் கருவியையும் வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். உங்கள் பியூகிளை விட்டுவிடாதீர்கள்.

கே: நான் என்.சி.சி. மாணவன். குடியரசு தின அணிவகுப்பில் எங்கள் பின்வரிசை எப்போதும் காலில் பிசகுகிறது. டிரம் சத்தம் நன்றாகக் கேட்கிறது, ஆனாலும் பிசகுகிறது. 165 பேர் அவ்வளவு பெரிய மைதானத்தில் சிதறி நின்றுகொண்டு எப்படிப் பிசகாமல் வாசிக்கிறார்கள்?
– மாணவர், பாலக்கோடு

ப: தம்பி, வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உன்னுடையது. சத்தம் கேட்டும் பிசகுகிறது என்கிறாய். சத்தத்தைக் கேட்டு நடப்பதால்தான் பிசகுகிறது.

கணக்குப் போட்டுப் பார். ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நீளம் 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர். ஒரு கோடியில் அடித்த அடி மறுகோடிக்குப் போய்ச் சேரக் கால் வினாடிக்குச் சற்று அதிகமாகும். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்பது நீ நடக்கும் வேகம். ஒரு எண்ணிக்கைக்கு அரை வினாடி. ஆக, அந்தக் கோடியில் நிற்பவன் காதில் கேட்டதும் வாசித்தால் அரை எண்ணிக்கை பின்தங்கிவிடுவான். டிரம் கோரில் 180 எண்ணிக்கையெல்லாம் சாதாரணம். அந்த வேகத்தில் முக்கால் எண்ணிக்கைக்கு மேல் போய்விடும். உன் அணியில் பின்வரிசை பேண்டிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தால்கூட ஒரு எண்ணிக்கையில் கால்பங்குக்கு மேல் தாமதம். முன்வரிசையின் கால் தரையில் பதியும்போது பின்வரிசையின் கால் இன்னும் காற்றில் இருக்கும்.

ஒளிக்கு அந்தத் தாமதம் கிடையாது. அதனால் மைதானத்தில் இருப்பவர்கள் கண்ணால் தாளம் எடுக்கிறார்கள். நடுவில், உயரமான மேடையில் நிற்கும் டிரம் மேஜரின் கையைப் பார்த்துத்தான் பித்தளைக் கருவிகள் ஊதும், பக்கத்தில் கேட்கும் சத்தத்தை நம்பக் கூடாது என்பது அவர்களுக்கு முதல் நாளே சொல்லப்படும் பாடம். டிரம் மேஜர் எதைப் பார்க்கிறார்? நடுவில் வரும் முரசுக்காரர்களின் கால்களை. இன்னொரு நுட்பமும் உண்டு. பார்வையாளர்களுக்கு முன்னால் மைதான விளிம்பில் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் மரிம்பா, வைப்ரஃபோன் போன்ற, தூக்கிக்கொண்டு நடக்க முடியாத கருவிகள் நிற்கும். அவற்றை வாசிப்பவர்களுக்கு மட்டும் விதி தலைகீழ். டிரம் மேஜரைப் பார்க்காமல், பின்னாலிருந்து வரும் முரசுச் சத்தத்தைக் கேட்டு வாசிக்க வேண்டும். ஏனென்றால் பின்னாலிருந்து வரும் சத்தம் அவர்களைத் தாண்டும் நேரத்தில் அவர்களும் அடித்தால்தான் இரண்டும் ஒன்றாகப் பார்வையாளர் காதுக்குப் போகும். இதை மருமகன் விளக்கியபோது நான் அவரை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னேன். வருஷக்கணக்கில் பேண்டு நடத்தியவனுக்கு அந்த ஒரு செய்தி போதும், அன்றைய டிக்கெட் காசு வசூலாகிவிட்டது.

நடையையும் கேள். உனக்குச் சொல்லிக்கொடுத்தது 30 அங்குலத் தப்படி, குதிகால் ஓங்கி. அவர்களுடையது ஐந்து கெஜத்துக்கு எட்டுத் தப்படி, அதாவது ஒரு தப்படி 22½ அங்குலம். குதிகாலை மெல்ல வைத்து விரல் வரை உருட்டுவார்கள். இடுப்புக்கு மேலே உடம்பு அசையாது. ஓங்கி மிதித்தால் உதடு அதிரும், ஸ்வரம் உடையும். பின்னோக்கி நடக்கும்போது குதிகால் தரையில் படாது. ஒவ்வொருவரும் எந்த எண்ணிக்கையில் எந்தக் கோட்டிலிருந்து எத்தனை தப்படி தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சின்ன நோட்டில் எழுதி, கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு பயிற்சி செய்வார்கள்.

உன் அணிக்கு நான் சொல்வது: பேண்டை முன்கோடியில் வைக்காமல் அணிகளின் நடுவே வைக்க முடியுமா என்று உங்கள் அதிகாரியிடம் பணிவாகக் கேட்டுப் பார். முடியாவிட்டால், பின்வரிசைக்காரர்கள் டிரம்மை மறந்துவிட்டு முன்னால் போகிறவரின் இடது குதிகாலைப் பார்த்து நடக்கட்டும். ஒரு மாலை பயிற்சி செய்தாலே வித்தியாசம் தெரியும்.

கே: தங்கை மகள் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். இந்த வருஷம் ஒரு டிரம் கோரில் சேர்ந்திருக்கிறாள். முதல் போட்டியில் அவர்கள் குழுவுக்கு நூற்றுக்கு 67 சொச்சம்தான் கிடைத்ததாம். படிப்பையும் கெடுத்துக்கொண்டு இதில் 67 எடுப்பதற்கா இவ்வளவு செலவு என்று தங்கை வருத்தப்படுகிறாள்.
– வாசகர், ஓசூர்

ப: ஐயா, தங்கையிடம் இதைப் பிளஸ் டூ மதிப்பெண்ணாக எண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜூனில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கிடைப்பதுதான் வழக்கம். ஆகஸ்டில் சாம்பியன் ஆகிறவர்களும் ஜூனில் எழுபதுகளில் இருந்து ஏறியவர்கள்தான். 2014-ல் கலிஃபோர்னியாவின் புளூ டெவில்ஸ் பெற்ற 99.65-தான் இதுவரை யாரும் தொடாத உச்சம். அது இறுதிப் போட்டியில்.

நூறில் 40 மொத்த நிகழ்ச்சி தரும் தாக்கத்துக்கு, 30 இசைக்கு, 30 நடைக்கும் அசைவுக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனி நடுவர்கள் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே வாய்விட்டுப் பேசுவார்கள்: இந்த இடத்தில் பாரிடோன்கள் முந்துகிறார்கள், அந்த வளைவில் மூன்றாவது ஆள் தள்ளி நிற்கிறார் என்று. அந்தக் குரல் பதிவு அப்படியே பயிற்சியாளர்களுக்குப் போகும். மறுநாள் காலை பயிற்சி அதிலிருந்து தொடங்கும். முதல் வார மதிப்பெண்ணின் உபயோகம் அதுதான். முடிவே இல்லாத நிகழ்ச்சிக்கு முழு மதிப்பெண் போட யாராலும் முடியாது, ஜூனில் பல குழுக்களின் நிலை அதுதான்.

செலவு உண்மை. பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லை. பல ஆயிரம் டாலர் அவர்கள்தான் கட்டுகிறார்கள். பலர் வேலை பார்த்தும் நன்கொடை திரட்டியும் கட்டுவார்கள். படிப்பு கெடும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சி முகாம்கள் குளிர்காலத்தில் வார இறுதிகளில், சுற்றுப்பயணம் கோடை விடுமுறையில். இன்னும் சில வருஷங்களில் வயது வரம்பு வந்துவிடும், பிறகு நினைத்தாலும் சேர முடியாது. தங்கையை ஒரே ஒரு போட்டிக்கு நேரில் போய் உட்காரச் சொல்லுங்கள்.

கே: பெண் பிள்ளைகள் கொடி மட்டும்தான் வீசுவார்களா?
– வாசகி, பர்கூர்

ப: இல்லை. நான் பார்த்த அன்று டியூபா தூக்கிக்கொண்டு ஓடிய பெண்கள் உண்டு, முரசு வரிசையிலும் உண்டு. கொடி வீசுகிற ஆண்பிள்ளைகளும் உண்டு.

கே: எங்கள் பள்ளியில் பேண்டு சாமான் ஒரு அறையில் பூட்டிக் கிடக்கிறது. தலைமையாசிரியர் சாவியைக் கொடுத்துவிட்டார். நான் கணக்கு ஆசிரியை, இசை தெரியாது. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– ஆசிரியை, தருமபுரி

ப: சாவி கிடைத்துவிட்டதே அம்மா, பாதி வேலை முடிந்தது.

முதல் மாதம் டிரம்மைத் தொட விடாதீர்கள். ஒரு சதுரப் பலகையில் பழைய லாரி டியூப் ரப்பரை வெட்டி ஒட்டினால் பிள்ளைக்கு ஒரு பயிற்சிப் பலகை தயார். செலவு பசைக்கு மட்டும். குச்சியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் லேசாகப் பிடித்து, அது தானாகத் துள்ளும்படி விடச் சொல்லுங்கள். இறுக்கிப் பிடிக்கிற பிள்ளைக்கு மணிக்கட்டு வலிக்கும், ஒரு வாரத்தில் நின்றுவிடுவான். வலது-இடது என்று மாற்றி மாற்றி, பிறகு வலது-வலது-இடது-இடது, அதன்பின் வலது-இடது-வலது-வலது, இடது-வலது-இடது-இடது. இந்தக் கடைசி அடிக்குப் பாராடிடில் என்று பெயர். டிரம் கோரில் கார் நிறுத்துமிடத்தில் நான் கேட்டதும் இதன் வளர்ச்சிதான். உலகெங்கும் ஒப்புக்கொண்ட இப்படிப்பட்ட அடிப்படை அடிகள் 40. உங்கள் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு இந்த மூன்று போதும்.

தாளத்துக்கு உங்கள் செல்போனில், சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் செயலி ஒன்று இறக்கிக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கும். நிமிடத்துக்கு 60 எண்ணிக்கையில் ஆரம்பியுங்கள். எல்லாரும் ஒன்றாக வரும்வரை ஏற்றாதீர்கள். நீங்கள் கணக்கு ஆசிரியை, நான்காகவும் எட்டாகவும் பிரிப்பதை என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பீர்கள்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். நம் பள்ளிகளில் பேண்டு வெளியே வருவது சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் மட்டும். அதற்குப் பத்து நாள் முன்பு அவசரப் பயிற்சி, அன்று காலை பயத்தோடு ஒரு வாசிப்பு, பிறகு பூட்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எட்டு எண்ணிக்கை மட்டும் தெரிந்த நாளிலேயே காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்த எட்டை வாசிக்க விடுங்கள். அடுத்த வாரம் பதினாறு. பெற்றோர் கூட்டத்திலும் அரைகுறையாக இருப்பதையே வாசிக்கட்டும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து நின்று சல்யூட் வைக்கட்டும். குச்சி விழுந்தால் எடுத்துக்கொண்டு சேர்ந்துகொள்ளட்டும். கேட்கிற பெற்றோருக்கு, அடுத்த முறை என்ன சேர்ந்திருக்கிறது என்று வந்து பார்க்கத் தோன்றும்.

சாமான் விஷயம். டிரம் தோல் கிழிந்திருந்தால் பிளாஸ்டிக் தோலே போடுங்கள், மழைக்காலத்தில் தொய்யாது. திருகுகளை ஒரு பக்கமே முறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கச் சொல்லுங்கள். பியூகிளின் வாய்முனையைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்துக் காயவையுங்கள். ஒரு பிள்ளை ஊதியதை இன்னொரு பிள்ளை ஊதும் முன்பும் இதைச் செய்ய வேண்டும். முடிந்தால் ஊதுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வாய்முனை வாங்கிக் கொடுத்து, டப்பாவில் பெயர் ஒட்டிவிடுங்கள்.